வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோருக்கான ஆங்கிலப் படிப்புகள்: சென்னை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராகும் சென்னை மாணவரிடம் 'இங்கிலீஷ் கோர்ஸ் சேர்ந்தாயிற்றா?' என்று கேட்டால், அவர் பெரும்பாலும் தி.நகரிலோ அண்ணா நகரிலோ உள்ள ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு கோச்சிங் சென்டரின் பெயரைத்தான் சொல்வார். அவருக்கு இடம் தரும் பல்கலைக்கழகமோ ஆங்கிலப் படிப்பு என்று வேறொன்றைக் குறிப்பிடுகிறது. விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கவும், ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி எழுதவும், வகுப்பு விவாதத்தில் காரணம் சொல்லி மறுத்துப் பேசவும் பழக்கும் படிப்பு அது. முன்னது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு உரியது. பின்னது நுழைந்த பிறகு தாக்குப்பிடிப்பதற்கு உரியது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதால்தான், அத்தேர்வின் எழுத்துப் பிரிவில் அரை பேண்ட் (அதன் மதிப்பெண் அலகு) குறைந்த மாணவர்கள் பலர், பல்கலைக்கழகமே நடத்தும் ஆறு வாரப் படிப்பு ஒன்று இருப்பதைக் கவனிக்காமல், அதே தேர்வை மீண்டும் மீண்டும் எழுதி மாதங்களையும் பணத்தையும் கரைக்கிறார்கள்.

செப்டம்பரில் பிரிட்டனில் முதுகலை தொடங்கவிருப்பவரை முதன்மையாக மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா செல்வோருக்கு விதிகள் மாறும் இடங்கள் அங்கங்கே சுட்டப்பட்டுள்ளன. படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. குறிப்பாக, முதல் படியை முடிக்காமல் எந்த மையத்திலும் பணம் கட்ட வேண்டாம்.

முதல் படி: ஆஃபர் லெட்டரின் ஆங்கில நிபந்தனையை வரிவரியாக வாசித்தல்

ஆங்கிலம் பற்றிய வரியில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று மொத்த மதிப்பெண், மற்றது ஒவ்வொரு திறனிலும் குறையக்கூடாத மதிப்பெண். நம் மாணவர்கள் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள்; சிக்கல் இரண்டாவதில்தான் வருகிறது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் ஒருவர் கேட்டலில் 7.5, வாசித்தலில் 7, எழுத்தில் 5.5, பேச்சில் 6 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கின் கூட்டுத்தொகை 26, சராசரி 6.5. 'மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையக் கூடாது' என்று கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு இவர் தகுதி பெறவில்லை. நல்ல மொத்த மதிப்பெண், எழுத்தில் மட்டும் சறுக்கல் என்ற இந்த வடிவம், ஆங்கில வழியில் பொறியியல் முடித்தவர்களிடம்கூட அடிக்கடி தென்படுவது.

அடுத்து, பல்கலைக்கழகம் கேட்பதும் விசாவுக்குக் கேட்கப்படுவதும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் மாணவர் விசாவுக்கு, பட்டப்படிப்பு நிலையிலும் அதற்கு மேலும், ஐரோப்பிய மொழித் தர அளவுகோலின்படி பி2 நிலை தேவை. அது ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 5.5க்கு இணையானது. விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்துவரும் பல்கலைக்கழகங்கள், பட்டப்படிப்புக்கு வருபவரின் ஆங்கிலத்தைத் தாமே மதிப்பிட்டுச் சான்றளிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையோ, கல்லூரி தரும் பயிற்றுமொழிச் சான்றிதழையோ சில பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வது இதனால்தான். மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐஎஸ்சி ஆகியவற்றுக்கு வெவ்வேறு குறைந்தபட்ச மதிப்பெண் வைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆகவே, நண்பருக்குக் கிடைத்த விலக்கு உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வின் பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ஒன்று, 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ' மற்றொன்று. வினாத்தாளின் அமைப்பும் மதிப்பிடும் முறையும் ஒன்றேயானாலும், பின்னதுதான் பிரிட்டிஷ் குடிவரவுத் துறை விசாவுக்கான பாதுகாக்கப்பட்ட ஆங்கிலத் தேர்வாக ஏற்பது. பி2 நிலையை எட்டாமல் நீண்ட ஆங்கிலப் படிப்பில் சேர நினைப்பவரிடம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். தவறானதற்குப் பதிவு செய்துவிட்டால் கட்டணம் வீண். இந்தியாவில் 2021இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஐஇஎல்டிஎஸ் பணியை ஐடிபி நிறுவனம் வாங்கிக்கொண்டது. எனவே அண்ணா சாலையில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சிலுக்குப் போய்த் தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்று பழைய நினைவில் சொல்லும் உறவினர்களின் பேச்சை நம்பி அலைய வேண்டாம். அங்கே நடப்பவை ஆங்கில வகுப்புகளும் நூலகமும்.

ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ, டுயோலிங்கோ ஆகிய நான்கு ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுகளே செல்லும். டோஃபல் மதிப்பெண் முறை 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையிலான புதிய அளவுக்கு மாறியிருப்பதால், 120க்கு இத்தனை என்று பழைய கணக்கில் எழுதப்பட்ட நிபந்தனையை வைத்துக் குழம்பாமல், புதிய அளவில் எவ்வளவு தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குறை எங்கே என்று கண்டறிதல்

தேர்வு மதிப்பெண் குறையின் அளவைச் சொல்லும். அதன் தன்மையைச் சொல்லாது. அதை அறிய, ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் துறையில், ஒரே பொருளைப் பற்றி மாறுபட்ட கருத்துடைய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை வாசித்து, கட்டுரைகளை மூடி வைத்துவிட்டு, இருவரும் எங்கே உடன்படுகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள், உங்கள் தீர்ப்பு என்ன என்று 500 சொற்களில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு அதே துறையில் ஒரு மணி நேர விரிவுரை ஒன்றை, வசன வரிகளை அணைத்துவிட்டு, நிறுத்தாமல் கேட்டுக் குறிப்பெடுங்கள்.

வாசிப்பதற்கே மாலை வரை ஆகிவிட்டதா? அப்படியானால் சொல்வளமும் வாசிக்கும் உத்தியும்தான் குறை. எழுதியதில் பாதி, மூலக் கட்டுரையின் வாக்கியங்களாகவே வந்துவிட்டதா? அது பல்கலைக்கழகத்தில் ஒழுங்கு நடவடிக்கை வரை போகக்கூடிய குறை. இலக்கணம் ஓரளவு சரியாக இருந்தும், உங்கள் தீர்ப்பு எங்கே இருக்கிறதென்று நண்பருக்குப் புலப்படவில்லையா? அது வாதத்தை அமைப்பதில் உள்ள குறை. ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் எதுவும் அதைத் தீர்க்காது. விரிவுரையில் சொற்கள் புரிந்தும் குறிப்புகள் துண்டு துண்டாக இருந்தால், எது முக்கியம், எது எடுத்துக்காட்டு என்று பேச்சிலேயே பிரித்தறியும் பழக்கம் வேண்டும்.

சொல்வளத்துக்கு ஒரு நல்ல தொடக்கப்புள்ளி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர், பல துறைகளின் பல்கலைக்கழக எழுத்துகளில் உள்ள ஏறத்தாழ 35 லட்சம் சொற்களை ஆராய்ந்து, துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களின் பட்டியலை 2000இல் வெளியிட்டார். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எத்தனை சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் காண்கிறீர்கள் என்பதைவிட, எத்தனை சொற்களை உங்கள் எழுத்தில் இயல்பாகக் கையாளுகிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

மூன்றாம் படி: படிப்பின் வகையை முடிவு செய்தல்

சந்தையில் பெயர்கள் பல. அவற்றின் பின்னே இருப்பவை ஐந்தே வகைகள்.

முதலாவது, சென்னையிலேயே கிடைக்கும் தேர்வுப் பயிற்சி. வினா வடிவத்தைப் பழகிக்கொள்ளவும், நேரத்தைப் பங்கிடக் கற்கவும் நான்கைந்து வாரம் போதும். 'பேண்ட் 7 உறுதி' என்று பலகை வைத்திருக்கும் இடங்களில், எழுதிக் கொடுக்கும் கட்டுரையைத் திருத்தித் தருவார்களா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். உறுதியின் கனம் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு பிரிவில் மட்டும் குறைந்தவர்கள், கணினி வழித் தேர்வு எழுதியிருந்தால், அந்தப் பிரிவை மட்டும் 60 நாட்களுக்குள் மீண்டும் எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ்ஸில் இருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை என்பதால், கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நலம்.

இரண்டாவது, ப்ரீ-செஷனல். முதன்மைப் படிப்பு தொடங்கும் முன் பல்கலைக்கழகமே கோடையில் நடத்தும் ஆங்கிலப் படிப்பு இது. அரை பேண்ட் குறைந்தவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம், ஒரு பேண்ட் குறைந்தவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் என்பது பிரிட்டனில் பொதுவாகக் காணப்படும் அளவு. இன்னும் நீண்டவையும் உண்டு. இதில் தேறினால், மீண்டும் ஐஇஎல்டிஎஸ் எழுதாமலேயே முதன்மைப் படிப்புக்குச் செல்லலாம் என்பதுதான் இதன் பெரிய பயன். கட்டணம் சில ஆயிரம் பவுண்டுகள் வரை போகும். மலிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும், எழுத்தில் மட்டும் குறைந்தவருக்கு, மூன்றாம் முறையாகத் தேர்வு எழுதுவதைவிட இதுவே தகுந்த வழி என்பது என் கருத்து. அங்கே எழுதிப் பழகும் 2,000 சொல் கட்டுரை, செப்டம்பருக்குப் பின் எழுத வேண்டியதன் ஒத்திகை. தேர்வில் 40 நிமிடத்தில் மூல நூல் எதுவுமின்றி எழுதும் 250 சொற்கள் எதற்கும் ஒத்திகை அல்ல.

மூன்றாவது, ஃபவுண்டேஷன் அல்லது பாத்வே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஆங்கிலத்தோடு பாட அறிவையும் சேர்த்து ஓராண்டு படித்துவிட்டு இளங்கலைக்குள் நுழையும் வழி இது. நவிதாஸ், ஸ்டடி குரூப், இன்டூ, கப்லான் போன்ற நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுடன் கூட்டுச் சேர்ந்து இத்தகைய கல்லூரிகளை நடத்துகின்றன. இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை நேரடி நுழைவுக்கு ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கும்போது, கன்சல்டன்சி ஏன் முதலில் பாத்வேயைக் காட்டுகிறது என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும். மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குச் சேர்க்கும் நிறுவனம் கமிஷன் தருவது இத்தொழிலின் நடைமுறை. அது குற்றமல்ல, ஆனால் ஆலோசனையைக் கேட்பவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, அமெரிக்காவின் இன்டென்சிவ் இங்கிலீஷ் புரோகிராமும் ஆஸ்திரேலியாவின் எலிகாஸும். இவை வெளிநாட்டு மாணவருக்கான முழுநேர ஆங்கிலப் படிப்புகள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்க மொழிப் படிப்பில் சேர்பவர் வாரத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய எலிகாஸில் அது வாரத்துக்கு 20 மணி நேரம்.

ஐந்தாவது, இன்-செஷனல்: முதன்மைப் படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் நடக்கும் வகுப்புகள். இது பற்றி ஏழாம் படியில்.

நான்காம் படி: பாடத்திட்டத்தைத் துருவிப் பார்த்தல்

வகை முடிவானதும், குறிப்பிட்ட படிப்பின் தரத்தை அறிய வேண்டும். அங்கீகாரம் முதல் வடிகட்டி. பல்கலைக்கழக நோக்கிலான ஆங்கிலப் படிப்புகளுக்குப் பிரிட்டனில் பேலீப் என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது; பொதுவான ஆங்கிலப் பள்ளிகளைப் பிரிட்டிஷ் கவுன்சில் ஆய்வு செய்கிறது. ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் படிப்புகளுக்கான அரசின் கிரிகாஸ் பதிவேட்டில் படிப்பு இருக்க வேண்டும். நியாஸ் அமைப்பின் தரச் சான்று கூடுதல் நம்பிக்கை. அமெரிக்காவில், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் மொழிப் படிப்புகள் அங்கீகாரம் பெற்றிருப்பதை 2010இல் இயற்றிய சட்டம் கட்டாயமாக்கியது.

இதற்கு மேல், படிப்பை நடத்துவோருக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எல்லாத் துறையினருக்கும் பொதுவான பாடமா, அல்லது பொறியியல், வணிகம், சட்டம் எனப் பிரித்து நடத்துகிறார்களா? சட்டம் படிக்கப் போகிறவர் ஒரு வழக்கை அலசி எழுதுவதற்கும், கட்டுமானப் பொறியியல் மாணவர் சோதனை அறிக்கை எழுதுவதற்கும் வேண்டிய ஆங்கிலம் வேறுவேறு. வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆசிரியருடன், எத்தனை மணி நேரம் 'சுயகற்றல்' என்ற பெயரில் தனியாக? இறுதி மதிப்பீடு எப்படி நடக்கும், தேறாவிட்டால் மறுவாய்ப்பு உண்டா, முதன்மைப் படிப்புக்குக் கட்டிய முன்பணம் என்னவாகும்? கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது வேறொரு கேள்வி: படிப்புக் காலத்தில் ஒரு மாணவரின் எழுத்தை எத்தனை முறை வாங்கித் திருத்தி, குறிப்புகளோடு திருப்பித் தருவார்கள், அந்தக் குறிப்புகளின்படி மீண்டும் எழுதச் சொல்வார்களா என்பது. வகுப்பறையின் திரையும், விளம்பரப் படத்திலுள்ள புல்வெளியும் எழுத்தைத் திருத்துவதில்லை. ஒரே கட்டுரைக்கு முதல் வரைவு, ஆசிரியர் குறிப்பு, நேர்ச் சந்திப்பு, இரண்டாம் வரைவு என்ற சுற்று இருந்தால் அந்தப் படிப்பை நம்பலாம். வாரத் தேர்வும் பயிற்சித்தாளும் மட்டுமே இருந்தால், அது வெளிநாட்டில் நடக்கும் கோச்சிங் சென்டர்.

இணையவழி ப்ரீ-செஷனலும் இப்போது கிடைக்கிறது. வீட்டிலிருந்தே முடித்துவிட்டால் தங்கும் செலவும் உணவுச் செலவும் மிச்சம். ஆனால் பேச்சிலும் கேட்டலிலும் குறைந்தவருக்கு நேரடி வகுப்பே சிறந்தது. மயிலாப்பூர் வீட்டில் ஒரு அறையில் கணினி முன் அமர்ந்திருப்பவர், வகுப்பு முடிந்த நொடியே தமிழுக்குத் திரும்பிவிடுவார்.

ஐந்தாம் படி: விசா, தேதி, பணம்

ஆங்கிலப் படிப்பைச் சேர்த்துக்கொண்டால் கால அட்டவணை முழுவதும் முன்னுக்கு நகர்கிறது என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். செப்டம்பர் இறுதியில் தொடங்கும் முதுகலைக்கு, பன்னிரண்டு வார ப்ரீ-செஷனல் ஜூன் நடுவிலும், ஆறு வாரப் படிப்பு ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஆரம்பமாகும்.

பிரிட்டனில் விசாவுக்கு ஆதாரமாகப் பல்கலைக்கழகம் வழங்கும் எண்ணுக்கு சிஏஎஸ் என்று பெயர். ப்ரீ-செஷனல் மூன்று மாதத்துக்கு மேற்படாமலும், முதன்மைப் படிப்பு அது முடிந்த ஒரு மாதத்துக்குள் தொடங்குவதாகவும் இருந்து, மாணவர் ஏற்கனவே பி2 நிலையை எட்டி, ஆங்கிலம் தவிர்த்த மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றியிருந்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிஏஎஸ், ஒரே விசா கிடைக்க வழி உண்டு. இல்லையெனில், ஆங்கிலப் படிப்புக்கு ஒரு விசா, முதன்மைப் படிப்புக்கு மற்றொரு விண்ணப்பம் என இரட்டைச் செலவு. இங்கேதான் சென்னை மாணவருக்கு நெருக்கடி வருகிறது. இறுதிப் பருவத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் முடிந்து, முடிவும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் கைக்கு வர ஜூன், ஜூலை ஆகிவிடும். பட்டச் சான்று இல்லாமல் மற்ற நிபந்தனைகள் நிறைவேறாது. நிறைவேறாமல் ஜூன் படிப்புக்கு ஒரே சிஏஎஸ் கிடைக்காது. எனவே இறுதியாண்டில் இருப்பவர்கள், இயன்றவரை தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தி ஆறு வாரப் படிப்புக்கே தகுதி பெற முயல்வது நல்லது. பட்டம் முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பணக் கணக்கில் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று. பிரிட்டனில் மாணவர் செலுத்த வேண்டிய உடல்நலக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். முழு ஆண்டுகள் போக, ஆறு மாதத்துக்கு மிகாத மீதிக் காலத்துக்கு அதில் பாதி. ஓராண்டு முதுகலைக்கு, முன்னால் ஒரு மாதமும் பின்னால் நான்கு மாதமும் சேர்த்து விசா சுமார் 17 மாதம் வரும். கட்டணம் 1,164 பவுண்ட். அதோடு மூன்று மாத ப்ரீ-செஷனலைச் சேர்த்தால் 20 மாதம். மீதிக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டிவிடுவதால் முழுதாக இரண்டு ஆண்டுக்கு 1,552 பவுண்ட் கட்ட வேண்டும். கல்விக் கட்டணப் பட்டியலில் இந்த வேறுபாட்டை யாரும் காட்டமாட்டார்கள்.

வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். கல்விக்கடன் வாங்குவோர், அனுமதிக் கடிதத்தில் ப்ரீ-செஷனல் கட்டணமும் தங்கும் செலவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிக் கிளையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று தேவை. அது ஆறு மாதம் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையம் சென்னையிலேயே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 5.5இலிருந்து 6.0ஆக உயர்ந்தது. எலிகாஸுடன் முதன்மைப் படிப்பைச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுவோருக்குக் குறைந்தபட்சம் 5.0 தேவை. கனடாவில், ஆங்கிலப் படிப்பை முடிப்பது நிபந்தனையாக இருந்தால், ஸ்டடி பெர்மிட் என்ற படிப்பு அனுமதியை முதலில் அந்தப் படிப்பின் காலத்தோடு ஓராண்டு சேர்த்து மட்டும் வழங்கி, பிறகு நீட்டிப்பதே வழக்கம். வெறும் ஆங்கிலப் படிப்பில் மட்டும் இருக்கும் காலத்தில் அங்கே வெளிவேலை செய்ய அனுமதி இல்லை. 'போனவுடன் பார்ட்-டைம் வேலை' என்ற கணக்கில் வீட்டில் பட்ஜெட் போட்டிருப்பவர்கள் இதை இப்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: சென்னையில் இருக்கும் மாதங்களைப் பயன்படுத்துதல்

விசாவுக்குக் காத்திருக்கும் காலம் பெரும்பாலும் ஷாப்பிங்கிலும் உறவினர் வீட்டு விருந்திலும் போய்விடுகிறது. அதில் நாளுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தாலே பெரிய வேறுபாடு தெரியும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அமெரிக்கா செல்வோருக்கு, ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் உள்ள அமெரிக்கன் சென்டர் நூலகம் பயன்படும்.

எதைப் பழக வேண்டும்? முதலில், எழுத்தில் முடிவை முன்னால் வைக்கும் பழக்கம். 'சென்னையில் மழைநீர் சேகரிப்பு' என்ற தலைப்பைக் கொடுத்தால், பள்ளியில் பழகிய நாம் எப்படித் தொடங்குவோம்? நீரின் பெருமை முதல் பத்தி, உலக நீர்ப் பற்றாக்குறை இரண்டாம் பத்தி, மழைநீர் சேகரிப்பு என்றால் என்ன என்ற விளக்கம் மூன்றாவது, நன்மைகள் நான்காவது. எழுதியவரின் கருத்து கடைசி இரண்டு வரியில், 'ஆகவே அனைவரும் முன்வர வேண்டும்' என்ற வேண்டுகோளாக வரும். பேராசிரியர் அந்தக் கட்டுரையின் ஓரத்தில் முதல் பக்கத்திலேயே 'அதனால் என்ன?' என்று எழுதி வைப்பார். அவர் எதிர்பார்ப்பது இப்படி ஒரு தொடக்கம்: தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, அந்தக் கட்டாயம் அமைப்புகளைக் கட்டவைத்ததே தவிர அவற்றைப் பராமரிக்க வைக்கவில்லை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அடுத்த பத்திகள் அனைத்தும் இந்த ஒரு கூற்றுக்குச் சான்று தேடுபவை, அதற்கு எதிரான சான்றையும் எடைபோடுபவை. இதே தலைப்பிலோ உங்கள் துறைத் தலைப்பிலோ, வாரம் ஒரு பக்கம் இம்முறையில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, மூலத்தைக் கையாளுதல். நம் கல்லூரித் தேர்வுகளில் பாடநூலின் வரையறையை எழுத்துப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். அங்கே அதே செயலுக்குக் கருத்துத் திருட்டு என்று பெயர். சொற்களை மட்டும் இணைச்சொல்லாக மாற்றி, வாக்கிய அமைப்பை அப்படியே வைத்திருப்பதும் அதில் அடங்கும். வாக்கியத்தை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு எடுப்பதும் அப்படியே. டர்னிட்டின் போன்ற கருவிகள் ஒப்புமையைக் காட்டும், தீர்ப்பு ஆசிரியருடையது. பாதுகாப்பான வழி, வாசித்த பத்தியை மூடிவிட்டு, அதன் கருத்தை முதலில் தமிழில் ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல் சொல்லிப்பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதி, உடனே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் குறிப்பது. கட்டுரையை முடித்துவிட்டுக் கடைசியில் மேற்கோள்களைச் சேர்க்கலாம் என்று ஒத்திவைப்பவர், எது தன் கருத்து, எது பிறர் கருத்து என்று தானே அறியாத நிலைக்கு வருவார். வாதத் தொடர்களின் வடிவங்களுக்கு, மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கும் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் உதவும்.

மூன்றாவது, காது. மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் வளாகத்து விரிவுரைகளையும் வகுப்பு விவாதங்களையும் எழுத்தாக்கித் திரட்டிய மைகேஸ் தொகுப்பு இணையத்தில் திறந்திருக்கிறது. வகுப்பில் மனிதர்கள் உண்மையில் எப்படித் தயங்கி, திருத்தி, குறுக்கிட்டுப் பேசுகிறார்கள் என்பது அதில் தெரியும். பேராசிரியர் ஸ்காட்லாந்துக்காரராகவோ சீனராகவோ நைஜீரியராகவோ இருக்கலாம். ஒரே வகை உச்சரிப்பைக் கேட்டுப் பழகுவது போதாது. நம் பேச்சைப் பொறுத்தவரை, உச்சரிப்பை மாற்றிப் போலியாகப் பேச முயல வேண்டாம். ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதில் கவனம் வைத்து, சற்று மெதுவாகப் பேசினாலே பெரும்பாலும் புரிந்துவிடும்.

மின்னஞ்சலையும் சொல்ல வேண்டும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, குடும்ப நிலையை விவரித்து, கோரிக்கையைக் கடைசி வரியில் வைக்கும் கடிதம், அங்குள்ள பேராசிரியருக்குப் புதிராக இருக்கும். டாக்டர், புரொபசர் என்ற பட்டத்தோடு அவருடைய குடும்பப் பெயர், இரண்டே வரியில் கேள்வி, உங்கள் மாணவர் எண், பெயர்: இது போதும். அவர் தன் முதற்பெயரால் பதிலில் கையொப்பமிட்டால், அடுத்த கடிதத்தில் அப்படியே அழைக்கலாம். நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும், அங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஏழாம் படி: வகுப்பு தொடங்கிய பிறகு

இன்-செஷனல் வகுப்புகள் பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனாலும் பதிவு செய்ய வேண்டும், இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். முதல் வாரத்து அறிமுக நிகழ்ச்சிகளில், வங்கிக் கணக்கு திறக்கும் வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். எழுத்து ஆலோசகருடன் தனிச் சந்திப்பு வசதி இருந்தால், முதல் கட்டுரையின் வரைவோடு போக வேண்டும். அவர் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தரமாட்டார். வாதம் எங்கே அறுபடுகிறது என்று காட்டுவார். ஆக்கத்திறன் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. ஒவ்வொரு பாடக் கையேட்டிலும் அந்தப் பக்கத்தைத் தேடி வாசியுங்கள்.

அமெரிக்காவில் டீச்சிங் அசிஸ்டன்ட் பணியை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தடை உண்டு. பல பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டவரை இளங்கலை வகுப்பின் முன் நிறுத்தும் முன்பு, தனியாக ஒரு பேச்சுத் தேர்வு வைக்கின்றன. சேர்க்கைக்கு ஏற்ற மதிப்பெண் அதற்குப் போதாமல் போகலாம். தேறாதவர் அதற்கென நடக்கும் வகுப்பில் சேர வேண்டியிருக்கும். அந்தப் பருவத்தின் உதவித்தொகையும் அதைப் பொறுத்து நிற்கலாம்.

தமிழ் நண்பர்களோடு வீடெடுத்துத் தங்குவதை நான் தடுக்க மாட்டேன். வாடகையும் சாம்பாரும் அப்படித்தான் சமாளிக்க முடியும். வகுப்புக் குழுப்பணியில் மட்டும் வேறு நாட்டவருள்ள குழுவில் சேருங்கள். வாரத்துக்கு ஒரு முறையேனும், விவாதத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கடந்துவிட்டால் பேச்சு வேகமெடுத்துவிடும், நுழைவது கடினம்.

முதல் பருவத்துக் கட்டுரைகள் திருத்தி வந்ததும், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எல்லாப் பாடங்களின் ஓரக் குறிப்புகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு பேராசிரியர்கள் ஒரே குறையைச் சொல்லியிருந்தால், இரண்டாம் பருவத்தில் எந்த இன்-செஷனல் வகுப்பில் சேர வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. 10,000 முதல் 15,000 சொற்கள் வரை போகும் முதுகலை ஆய்வேட்டுக்கென்றே தனியாக நடக்கும் எழுத்து வகுப்புகள் பெரும்பாலும் ஜனவரிக்குப் பின் தொடங்கும். அவற்றுக்கான பதிவு எப்போது திறக்கிறது என்று டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.